பொற்கரங்களால் மதகைத் திற

தலைவர் அந்த அறிக்கையை இரண்டு முறை படித்தார். இரண்டாம் முறை படிக்கும்போது அவருடைய காதுமடல் சிவந்துவிட்டது என்று உள்ளே தேநீர் கொண்டுபோனவர் வெளியே வந்து சொன்னார்.

அறிக்கை ஒரே பக்கம்தான். அணையின் மதகுகளை இயக்கும் நிரலைப் பற்றி, நீர்வாயில் ஒழுங்கமைப்பு ஆணையத்தின் கணினிப் பிரிவு வருடத்துக்கு ஒருமுறை அனுப்புவது. 'மேற்படி நிரலில் நாற்பத்தொரு ஃபங்ஷன்கள் உள்ளன. இவை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்பதாயிரம் முறை அழைக்கப்படுகின்றன' என்று அதில் எழுதியிருந்தது.

தலைவர் விழாப் பிரிவிலிருந்து படிப்படியாக மேலே வந்தவர். முப்பத்தெட்டு வருட சேவையில் அவர் ரிப்பன் வெட்டாத நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஃபங்ஷன் என்றால் அவருக்குத் தெரிந்தது மேடை, மைக், மாலை, முன்வரிசையில் மெத்தை வைத்த நாற்காலி. தன் ஆணையத்திலேயே, தன் மூக்குக்குக் கீழேயே, நாற்பத்தொரு ஃபங்ஷன்கள் நடக்கின்றன. ஒன்றுக்குக்கூடத் தன்னைக் கூப்பிடவில்லை. ஆனால் நாளுக்கு ஒன்பதாயிரம் முறை வேறு யாரையோ அழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"யாரு இதெல்லாம் நடத்துறது?" என்றார்.

மூன்றாம் மேசைக்காரியை அழைத்துவந்தார்கள். கணினிப் பிரிவில் மொத்தம் மூன்று மேசைகள். முதல் மேசைக்காரர் ஓய்வுபெற்றுவிட்டார். இரண்டாம் மேசைக்காரர் வேறு வேலை கிடைத்ததும் குடையைக்கூட எடுக்காமல் போய்விட்டார். மூன்றாம் மேசையில் இருந்தவள்தான் அந்த நிரலைப் பதினோரு வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாப்பத்தொரு ஃபங்ஷன்னு போட்டிருக்கே, நெசமா?"

"ஆமா சார்."

"எங்க நடக்குது?"

"எல்லாம் உள்ளயே நடக்குது சார். மெமரில."

"மெமோரியல்லயா? அந்த ஹாலயா எடுத்திருக்கீங்க? அங்க ஃபேன்கூட சுத்தாதே! தலைமை யாரு?"

"மெயின்னு ஒண்ணு இருக்கு சார். அதுதான் மத்த எல்லாத்தையும் கூப்பிடும்."

"மெயின்னா, நான்தான?"

இதற்கு என்ன பதில் சொல்வதென்று அவள் இரண்டு நொடி யோசித்தாள். அந்த இரண்டு நொடியைப் பிறகு பல மாதங்கள் நினைத்துப் பார்க்கும்படி ஆயிற்று.

ஃபங்ஷன் என்றால் சி என்ற கணினி மொழியில் ஒரு வேலையைச் செய்யும் நிரல்துண்டு என்பதை, அன்று மாலை யாரோ தலைவரிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னார்கள். தலைவருக்கும் புரிந்தது. ஆனால் அதற்குள் சுற்றறிக்கை அச்சாகியிருந்தது. ஒரு விஷயம் புரிந்துவிட்டது என்பதற்காகச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறும் வழக்கம் ஆணையத்தில் இல்லை. ஆணையத்தில் நடைபெறும் ஃபங்ஷன்கள் அனைத்தும், அவை எவ்வகையைச் சேர்ந்தவையாயினும், தலைவர் அவர்களின் திருப்பெயரோடுதான் தொடங்க வேண்டும் என்றது சுற்றறிக்கை.

இதை மேற்பார்வையிட ஒரு குழுவும், குழுவுக்கு ஒரு பெயரியல் அதிகாரியும் நியமிக்கப்பட்டார்கள். அடிக்கல்களில் பொறிக்கும் வாசகங்களை நாற்பது வருடங்களாக எழுதிவந்தவர் அவர். அவர் எழுதிய கற்களில் சில, அவை திறந்துவைத்த கட்டடங்களைவிட உயரமானவை.

அதுவரை 'மதகைத் திற' என்று இருந்த ஃபங்ஷனுக்கு அவர் மூன்று வாரம் யோசித்துப் பெயர் சூட்டினார்: மாண்புமிகு_நீர்வாயில்_ஒழுங்கமைப்பு_ஆணையத்_தலைவர்_அவர்களின்_பொற்கரங்களால்_மதகைத்_திற. கணினிக்காக ஆங்கில எழுத்தில் எழுதினால் தொண்ணூற்றேழு எழுத்து. மதகை மூடுவதும் பொற்கரங்களால்தான். அலாரம் அடிப்பதும் பொற்கரங்களால்தான். மதகு அறைக் கழிப்பறையின் தண்ணீர்த் தொட்டி நிரம்பியதா என்று பார்க்கும் ஃபங்ஷன் ஒன்று இருந்தது. அதையும் அவர் விட்டுவைக்கவில்லை.

மூன்றாம் மேசைக்காரி நீளப் பெயர்களுக்கு அழுகிறவள் இல்லை. பெயர் நீளமென்றால் விரல் வலிக்கும், அவ்வளவுதானே என்றிருந்தாள். எல்லாவற்றையும் மாற்றி எழுதி, கடைசியில் இணைப்பானிடம் கொடுத்தபோதுதான் சிக்கல் தெரிந்தது.

எழுதிய துண்டுகளையெல்லாம் ஒன்றாகக் கோத்து எந்திரத்திடம் கொடுக்கும் சின்ன நிரல்தான் இணைப்பான். மதகில் இருந்த கணினி பழையது, அதன் இணைப்பான் அதைவிடப் பழையது. ஒரு பெயரில் முதல் முப்பத்தொரு எழுத்தை மட்டும்தான் அது படிக்கும். புதுப் பெயர்கள் எல்லாவற்றிலும் முதல் முப்பத்தொரு ஆங்கில எழுத்து, 'மாண்புமிகு நீர்வாயில் ஒழுங்கம' என்பதோடு முடிந்துபோனது. திற என்பதும் மூடு என்பதும் அதற்கப்புறம் எங்கோ கடைசியில், அது எட்டிப்பார்க்காத தூரத்தில் இருந்தன. இணைப்பானைப் பொறுத்தவரை நாற்பத்தொன்றும் ஒரே பெயர். ஒரே பெயரில் பலர் வந்து நின்றால் வரிசையில் முதலில் நிற்பவரை எடுத்துக்கொண்டு, மற்றவர்களைப் பற்றி ஒரு எச்சரிக்கையை அச்சிட்டுவிட்டு, அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விடும்.

வரிசையில் முதலில் நின்றது 'திற'.

அதாவது, எதைச் செய்யச் சொன்னாலும் மதகு திறக்கும்.

அவள் ஒரு சின்னக் கோப்பு எழுதினாள். நாற்பத்தொரு வரி. இன்ன நீளப் பெயரைக் கண்டால் 'திற' என்று எடுத்துக்கொள், இன்னதைக் கண்டால் 'மூடு' என்று எடுத்துக்கொள் என்று வரிக்கு ஒரு சுருக்கப் பெயர். சி மொழியில் இது யாரும் செய்கிற சாதாரண வேலை. நிரல் முழுக்கத் தலைவர் நீட்டி நிமிர்ந்து இருப்பார், இணைப்பானின் கைக்குப் போவதற்கு முன்னால் மட்டும் சத்தமில்லாமல் இறங்கிக்கொள்வார். திற. மூடு. அள. நில். அந்தச் சொற்கள் கழுவித் துடைத்து வைத்த கரண்டிகள் போல ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. அவற்றைக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதகு அறையில் பட்டன்களை அழுத்துகிறவன் அவளுடைய தம்பி. பச்சை திறக்க, சிவப்பு மூட, மஞ்சள் அலாரத்துக்கு. நான்கு வருடமாகத் தினக்கூலி. நிரந்தரம் ஆக்குவதற்கான கோப்பு மேலே போயிருந்தது. கைக்குழந்தைக்காரன். மதகுக்குக் கீழே கால்வாயோரத் தெருவில், வாடகை குறைவு என்று குடியிருந்தான்.

"அக்கா, புதுசா நீ ஏத்தினத அமுக்கிப் பாத்தேன். பச்சைக்குத் திறந்துச்சு, சிவப்புக்கு மூடிச்சு. இதுக்குப் போயி எனக்கு சம்பளம் குடுக்கறாங்கன்னு நெனச்சா எனக்கே சிரிப்பா வருது."

"சிரிக்காதடா. நிரந்தரம் ஆகற வரைக்கும் மூஞ்சிய உம்முனு வெச்சுக்க. சிரிக்கறவன நம்ப மாட்டாங்க."

இரண்டு மாதம் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு பெயரியல் குழு நிரல் முழுவதையும் அச்சிட்டுத் தரச் சொன்னது. பெயர்களின் நீளத்தால் அது எழுநூறு பக்கம் வந்தது. குழு அதை வரிவரியாகப் படித்தது. குழுவில் யாருக்கும் சி தெரியாது என்பதால் படிப்பதற்கு எந்தத் தடையும் இருக்கவில்லை. அறுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அந்த நாற்பத்தொரு வரி அகப்பட்டது.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நீள மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர், இந்தப் பக்கம் அவள். பெயரியல் அதிகாரி தாளை இரண்டு விரலால் மட்டும் பிடித்திருந்தார்.

"'திற'. யாரப் பாத்தும்மா இந்த வார்த்தை?"

"கதவப் பாத்து சார். மதகுக் கதவு."

"இடது பக்கம் என்ன இருக்கு? மாண்புமிகு தலைவர் அவர்கள். வலது பக்கம் என்ன இருக்கு? திற. அப்படின்னா என்ன அர்த்தம்? தலைவர் அவர்களக் கண்டா 'திற'ன்னு சொல்லுன்னு எந்திரத்துக்குக் கத்துக் குடுத்திருக்கீங்க. வா, போங்கற மாதிரி! வாசல்ல நிக்கற வாட்ச்மேனக்கூட நான் 'திறங்க'ன்னுதாம்மா சொல்லுவேன்."

வாசலில் நின்ற வாட்ச்மேன் இதைக் கேட்டு ஆச்சரியப்பட்டார்.

"'திறங்க'ன்னு மாத்திட்டா பரவாயில்லையா?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார்.

"'திறந்தருள்க'," என்றார் இன்னொருவர்.

'திறந்தருள்க' என்பதில் பணிவு இருக்கிறதா, கெஞ்சல் இருக்கிறதா என்று ஒரு மணிநேரம் பேசினார்கள். நடுவில் ஒருவர், இதில் இருபத்திரண்டு ஃபங்ஷன்கள் எதையும் திருப்பித் தருவதில்லை என்று எழுதியிருக்கிறதே, அது அமைப்பாளர்களின் கஞ்சத்தனமா என்று விளக்கம் கேட்டார். அவள் அதற்கும் விளக்கம் சொன்னாள். பிறகு முப்பத்தொரு எழுத்து விஷயத்தைச் சொன்னாள். தாளில் படம் போட்டுக்கூடக் காட்டினாள்.

"அதுக்கு அப்புறம் படிக்கவே படிக்காதா?"

"படிக்காது சார்."

"அது எந்திரத்தோட சோம்பேறித்தனம். அதுக்கு நாம பழகிக்கணுமா? நான் நாப்பது வருஷமா கல்லுல எழுதறேம்மா. முதல் வரிய மட்டும் படிச்சிட்டுப் போறவன் எத்தன பேருன்னு நெனைக்கறீங்க? அதுக்காக கல்லச் சின்னதாக்கினோமா? பெரிசாக்கினோம்!"

"சார், இத எடுத்துட்டா எல்லாப் பேரும் ஒண்ணாயிடும். மூடச் சொன்னா திறக்கும். அலாரம் அடிக்கச் சொன்னாலும் திறக்கும். கீழ ஒரு தெருவே இருக்கு சார்."

குழு முதன்முறையாகக் கவலைப்பட்டது. ஐந்து பேரும் தாளின் மேல் குனிந்தார்கள்.

"முப்பத்தொண்ணுல எதுவரைக்கும் வருது?"

"'ஒழுங்கம' வரைக்கும் சார்."

"அப்போ 'தலைவர்'ங்கற வார்த்தையே உள்ள போகலையா!"

மூத்த உறுப்பினர் ஒருவர் தண்ணீர் குடித்தார். 'தலைவர்' என்ற சொல்லை முதல் முப்பத்தொரு எழுத்துக்குள் கொண்டுவர உடனடி நடவடிக்கை எடுப்பது என்றும், நாற்பத்தொரு வரிகளையும் நீக்குவது என்றும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. சுருக்கப் பெயர்களை முழுமையாகத் தடைசெய்யவில்லை, குழுவுக்குப் பரந்த மனம் இருந்தது. யாரும் எதற்கும் சுருக்கப் பெயர் வைத்துக்கொள்ளலாம், முழுப் பெயரின் இறுதியில் 'என்பதன் அங்கீகரிக்கப்பட்ட சுருக்கம்' என்று சேர்த்து எழுதினால் போதும்.

நீக்கிய பிறகு இணைப்பான் நாற்பது எச்சரிக்கைகளை அச்சிட்டது: இந்தப் பெயர் ஏற்கெனவே உள்ளது. அவள் அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு பெயரியல் அதிகாரியிடம் ஓடினாள். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாற்பதையும் படித்தார். முகம் மலர்ந்தது.

"தலைவர் பேரு ஏற்கெனவே இருக்குன்னுதான சொல்லுது? நல்லதுதான சொல்லியிருக்கு. இல்லைன்னு சொன்னாத்தாம்மா நாம பயப்படணும்."

அந்தத் தாளைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள்.

அவள் தம்பிக்குப் போன் செய்தாள்.

"டேய், நான் சொல்றதக் கேளு. இனிமே எந்தப் பட்டனயும் அமுக்காத."

"அமுக்கறதுதான்க்கா வேலையே. ஒருநாள் அமுக்கலன்னா மெமோ குடுப்பான்."

"அப்ப பச்சைய மட்டும் அமுக்கு."

"சரியாப் போச்சு. திறந்த மதக யாரு மூடறது, உங்க தலைவரா?"

"கைச் சக்கரம் ஒண்ணு இருக்குமே?"

"இருக்கு. போன வருஷம் பெயின்ட் அடிச்சாங்க. அதுக்கப்புறம் அசையவே மாட்டேங்குது."

"இன்னிக்கே எண்ணெய் போட்டு வை."

அந்த வரிகள் இல்லாத நிரல் பதினாறாம் நாள் மாலைதான் மதகில் ஏறியது. பதினேழாம் நாள் விடியும்போதே வானம் கறுத்திருந்தது. பத்து மணிக்கு அணையில் நீர்மட்டம் ஏறியது. மேலிடத்து உத்தரவுப்படி தம்பி பச்சையை அழுத்தி, மதகைக் கால்வாசி திறந்தான். பதினொன்றரைக்கு மூடச் சொல்லி உத்தரவு வந்தது. சிவப்பை அழுத்தினான். மதகு அரைவாசி திறந்தது. திரும்ப அழுத்தினான், முக்கால்வாசி திறந்தது. கீழே இருப்பவர்களையாவது எச்சரிக்கலாம் என்று மஞ்சளை அழுத்தினான். மதகு முழுக்கத் திறந்தது. அலாரம் அடிக்கவில்லை.

"அக்கா, சிவப்பு திறக்குது! எல்லாமே திறக்குதுக்கா!"

"கரண்ட்ட நிறுத்து. நிறுத்திட்டு சக்கரத்துக்குப் போ."

போனை வைத்துவிட்டுப் பெயரியல் அதிகாரியின் அறைக்கு ஓடினாள். கால்வாயோரத்துக்கு லாரியும் ஆட்களும் அனுப்ப அவருடைய கையெழுத்தும் வேண்டியிருந்தது, ஏனென்றால் எந்த நிகழ்வுக்கும் பெயர் சூட்டாமல் கோப்பு திறக்க முடியாது.

"வெள்ளம்னு எழுதியிருக்கீங்க," என்றார் அவர். "அது ரொம்ப மொட்டையா இருக்கும்மா. 'நீரின் மிகைவருகை'ன்னு போடலாமா? இல்ல, 'வருகை'ன்னா வரவேற்பு குடுக்கணுமேன்னு யோசிக்கறேன்."

"என் தம்பி பொண்டாட்டியும் குழந்தையும் அந்தத் தெருவுலதான் சார் இருக்காங்க."

"உணர்ச்சிவசப்பட்டா நல்ல பேரு அமையாதும்மா."

அவர் யோசித்து முடிப்பதற்குள் மதியம் இரண்டு மணி ஆகிவிட்டது. அதற்குள் தம்பி மதகை மூடிவிட்டிருந்தான். சக்கரத்தை முந்நூற்றுச் சொச்சம் சுற்று சுற்ற வேண்டும். சுற்றினான். இரண்டு உள்ளங்கைத் தோலும் சக்கரத்தோடு போய்விட்டது. கால்வாயோரத் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. ஒன்பது வீடுகளின் சுவர் விழுந்தது, அதில் ஒன்று அவனுடையது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவன் மனைவி பக்கத்து மாடிக்கு ஏறியிருந்தாள். உயிர்ச்சேதம் இல்லை. இன்னும் அரைமணிநேரம் ஆகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத் தெருவில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மறுநாள் காலை தம்பியைப் பணிநீக்கம் செய்வதற்கான முதற்கட்ட ஆணை வந்தது. குற்றங்கள் இரண்டு. பட்டன் அழுத்த மட்டுமே நியமிக்கப்பட்டவர் சக்கரத்தைத் தொட்டது. தலைவர் அவர்களின் பொற்கரங்கள் இயங்கிக்கொண்டிருக்கையில் மின்சாரத்தைத் துண்டித்தது.

கட்டுப்போட்ட கைகளோடு அவன் அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அவள் சோறு ஊட்ட வேண்டியிருந்தது.

"நிரந்தரம்னு சொன்னியேக்கா. நிரந்தரமா வீட்டுக்கு அனுப்பிட்டாங்க." சிரித்தான். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. "இந்தக் கைய வெச்சுக்கிட்டு வேற எந்த வேலைக்குப் போறது?"

வெள்ளம் வந்த ஆறாம் நாள் தலைவரே அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். இந்த முறை உட்காரச் சொன்னார்.

"பாரும்மா, நான் யாருக்கும் கெடுதல் நெனைக்கறவன் இல்ல. உன் தம்பி மேல எனக்கு என்ன கோவம்? ஆனா ஒரு தப்பு நடந்தா அதுக்கு ஒரு ஆள் வேணும். தப்பு பேரு மேல இல்லன்னு ஆயிடுச்சு, ஏன்னா பேரு என்னோடது. எந்திரத்து மேலயும் இல்ல, ஏன்னா அத வாங்கினது நான். மிச்சம் யாரு? ஒண்ணு அவன், இல்லன்னா நீ."

ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். பெயரியல் அதிகாரியின் நடை அதில் தெளிவாகத் தெரிந்தது. விபத்துக்குக் காரணம், நீக்கப்பட்ட சுருக்கப் பெயர்களின் எச்சவிளைவு. இரண்டு மாதம் குட்டையான பெயர்களுக்குப் பழகிவிட்ட எந்திரம், முழுப் பெயர்களை எதிர்கொண்டபோது தடுமாறிவிட்டது. ஆகவே பெயர்களை மேலும் நீளமாக்குவதே நிரந்தரத் தீர்வு என்று மூன்றாம் மேசை மனப்பூர்வமாகப் பரிந்துரைக்கிறது.

"இதுல கையெழுத்துப் போட்டா அவன் மேல தப்பே இல்லன்னு ஆயிடும். அவன் கோப்பு இதோ, என் மேசையிலதான் இருக்கு. போடலன்னா, அதுவும் மேசையிலதான் இருக்கும்."

"சார், இதுல எழுதியிருக்கறது பொய். எந்திரம் எதுக்கும் பழகாது. இப்பவும் சிவப்ப அமுக்கினா திறக்கும். இத ஒத்துக்கிட்டா அப்புறம் யாரும் அதச் சரி பண்ண மாட்டாங்க."

"உண்மை எவ்வளவு சின்னதா இருக்கு பாத்தியா? ஒரே வரில சொல்லிட்ட. அத நம்பி ஒரு ஆணையத்த நடத்த முடியுமாம்மா?"

அவள் தம்பியின் கைகளை நினைத்தாள். குழந்தையை நினைத்தாள். கால்வாயோரத் தெருவையும் நினைத்தாள், ஆனால் அந்தத் தெருவுக்கு அந்த மேசையில் கோப்பு இல்லை. பேனாவை எடுத்து வழக்கம்போல் முதலெழுத்தைக் கிறுக்கினாள்.

"சுருக்கமாப் போடாதம்மா," என்றார் தலைவர். "முழுசாப் போடு."

மூன்றாம் மேசை ஒழிக்கப்பட்டது. அவளை அடிக்கல் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே அவளுக்குக் கொடுத்த முதல் வேலை, மதகிலிருந்து வெட்டி எடுத்துவந்த கைச் சக்கரத்துக்கு வாசகம் எழுதுவது. பாதுகாப்புக் கருதி அதை அகற்றி, வர்ணம் பூசி, தலைமை அலுவலக வாசலில் நிறுத்தியிருந்தார்கள். 'மாண்புமிகு தலைவர் அவர்கள் தம் பொற்கரங்களால் வெள்ளத்தைத் தடுத்து நிறுத்திய சக்கரம்' என்று அவள் எழுதிக் கொடுத்தாள். 'வெள்ளம்' என்பதை மட்டும் திருத்தினார்கள். திறப்பு விழா நடந்தது. மேடை, மைக், மாலை எல்லாம் இருந்தன. மெத்தை வைத்த நாற்காலியும் இருந்தது.

விழா முடிந்த நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது தம்பி போன் செய்தான்.

"அக்கா, ஆர்டர் வந்துடுச்சு! நிரந்தரம்! கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டேன், பேனா புடிக்கத்தான் கொஞ்சம் வலிச்சுது. நீ என்னமோ எழுதிக் குடுத்தியாமே, தப்பு உன்னோடதுன்னு?"

"அது கெடக்குது விடு. ஆர்டர்ல என்ன போட்டிருக்கு?"

"பட்டன் அழுத்துநர்னு போட்டிருக்கு. அதுக்கு முன்னாடி தலைவர் பேரு ரெண்டு வரி இருக்கு."

"டேய், அங்க மழை வர மாதிரி இருக்கா?"

"லேசா இருட்டிட்டு வருது."

"வந்தா என்னடா பண்ணுவ?"

தம்பி சொன்னான்.

"மூடச் சொல்லுவாங்க. சிவப்ப அமுக்குவேன். இனிமே அதுதான்க்கா என் வேலை, நிரந்தரமா."